செலவு எழுதியாச்சு... வரவு?

ஓர் அரங்கம். மேடையில் டேவிட் கேப்லன். அணுவுக்குள் இருக்கும் அணுவைவிடச் சின்ன சமாசாரங்களைப் பற்றிக் கரும்பலகையில் கணக்குப் போடுவதே தொழிலாகக் கொண்ட அமெரிக்க விஞ்ஞானி. ஜெனீவாவுக்குப் பக்கத்தில் பூமிக்கு அடியில் கட்டப்பட்ட ஒரு ராட்சத இயந்திரத்தைப் பற்றி உற்சாகமாகப் பேசுகிறார். கூட்டத்திலிருந்து ஒருவர் தான் பொருளாதாரம் படித்தவர் என்று சொல்லிக்கொண்டு, சுற்றி வளைக்காமல் கேட்கிறார். இவ்வளவு கோடி கொட்டுகிறீர்களே, பொருளாதார ரீதியாக இதனால் என்ன லாபம்?

நீங்களும் நானும் அங்கே உட்கார்ந்திருந்தால் கேட்டிருக்கக்கூடிய கேள்விதான். கேப்லன் தயங்கவே இல்லை. இதற்கு ரொம்ப சுலபமான பதில் இருக்கிறது, எனக்குத் தெரியாது என்கிறார்!

‘பார்ட்டிகிள் ஃபீவர்’ என்ற ஆவணப்படத்தில் வருகிற காட்சி இது. 2013-ல் வந்த படம். நான் பி.காம். எதைப் பார்த்தாலும் நடுவே ஒரு கோடு போட்டு, இந்தப் பக்கம் வரவு, அந்தப் பக்கம் செலவு என்று பிரித்துப் பார்க்கிற ஜாதி. எங்களைப் போன்ற ஆட்கள் இந்தக் காட்சியில் சட்டென்று நிமிர்ந்து உட்கார்ந்துவிடுவார்கள். பல்லாயிரம் கோடி செலவு... என்ன வரும் என்று கேட்டால் தெரியாதாம். உங்கள் ஆடிட்டரிடம் ஒரு தடவை இப்படிச் சொல்லிப் பாருங்களேன்.

பழைய படத்தைப் பற்றி இப்போது என்ன பேச்சு என்கிறீர்களா? காரணம் இருக்கிறது. அதே ஜெனீவாவில், அதைப்போல மூன்று மடங்குக்கும் மேலே பெரிய இயந்திரம் ஒன்றுக்கு அடி போட்டுக்கொண்டிருக்கிறார்கள். அதே கேள்வி மறுபடி எழுந்து நிற்கிறது. பதில்தான் மாறிவிட்டது. படத்தை இன்றைக்குப் பார்க்கும்போது அந்த மாற்றம்தான் உறுத்துகிறது.

கொஞ்சம் பின்கதை. இரண்டாம் உலகப் போரில் அடித்துக்கொண்டு ஓய்ந்துபோன ஐரோப்பிய நாடுகள், 1954-ல் கூட்டுச் சேர்ந்து ஆரம்பித்த ஆராய்ச்சிக்கூடம் செர்ன். ஸ்விட்சர்லாந்துக்கும் பிரான்ஸுக்கும் நடுவே எல்லைக்கோட்டின் மேலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறது. 12 நாடுகளோடு ஆரம்பித்தது, 2025-ல் ஸ்லோவேனியா சேர்ந்ததும் 25 ஆனது. இந்தியா 2017-லிருந்து இணை உறுப்பினர். ஆரம்பிக்கும்போதே சாசனத்தில் இரண்டு விஷயங்களை எழுதிவைத்துவிட்டார்கள். ராணுவத்துக்கான வேலை இங்கே கிடையாது. கண்டுபிடிக்கிற எதையும் மூடி மறைக்கக் கூடாது. பெயரில் ‘அணு’ இருக்கிறதே தவிர, குண்டுக்கும் இவர்களுக்கும் சம்பந்தம் இல்லை.

வருஷ பட்ஜெட் 120 கோடி ஸ்விஸ் பிராங்குக்கு மேல். நம்ம காசில் பன்னிரண்டாயிரம் கோடி ரூபாயைத் தாண்டும். உறுப்பு நாடுகள் அவரவர் வருமானத்துக்குத் தகுந்த மாதிரி பங்கு போட்டுக் கொடுக்கின்றன. ஐரோப்பியர் தலைக்கு வருஷத்துக்கு ஒரு கோப்பை காபி விலைதானே என்பது இதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் சமாதானம். வகுத்துப் பார்த்தால் கணக்கு என்னவோ சரியாகத்தான் வருகிறது. ஆனால், தலைக்கு இவ்வளவுதானே என்று வகுத்துக் காட்டினால் எந்தச் செலவும் சின்னதாகத்தான் தெரியும். சீட்டுக் கம்பெனிக்காரர் தினசரி பத்து ரூபாய்தானே என்று சொல்கிற அதே வித்தை!

இந்தப் பணத்தில் இவர்கள் கட்டியதுதான் ‘லார்ஜ் ஹாட்ரான் கொலைடர்’. சுருக்கமாக எல்.எச்.சி. பூமிக்கு அடியில் சுமார் நூறு மீட்டர் ஆழத்தில், 27 கிலோமீட்டர் சுற்றளவுக்கு வட்டமாக ஒரு சுரங்கம். உள்ளே 15 மீட்டர் நீளக் காந்தங்கள் மட்டும் 1,232. அவற்றை மைனஸ் 271 டிகிரிக்குக் குளிரவைத்து, எதிரெதிர்த் திசையில் கிட்டத்தட்ட ஒளியின் வேகத்தில் புரோட்டான்களை ஓடவிட்டு, நேருக்கு நேர் மோதவிடுகிறார்கள். மோதலில் தெறிக்கிற துண்டு துணுக்குகளில், 1964-லிருந்து காகிதத்தில் மட்டுமே இருந்துவந்த ஒரு துகள் அகப்படுகிறதா என்று தேடினார்கள். அதுதான் ஹிக்ஸ் போஸான்.

நம்ம ஊர்ப் பத்திரிகைகளில் 2012-ல் ‘கடவுள் துகள்’ என்று வந்ததே, அதேதான். அந்தப் பெயரை உலாவவிட்டவர் நோபல் பரிசு வாங்கிய லியான் லெடர்மன், 1993-ல் எழுதிய புத்தகத்தின் தலைப்பாக. அகப்படவே மாட்டேன் என்கிற சனியனே என்று திட்டுகிற மாதிரி ஒரு தலைப்பு வைக்க நினைத்ததாகவும், பதிப்பாளர் சம்மதிக்கவில்லை என்றும் அவரே வேடிக்கையாகச் சொல்லியிருக்கிறார். திட்டு போய் சாமி வந்தது. விஞ்ஞானிகளில் பெரும்பாலானவர்களுக்கு இந்தப் பெயரைக் கேட்டாலே எரிச்சல். விற்பனைக்காக வைத்த பெயர்கள் இப்படித்தான், வைத்தவரை விட்டுவிட்டு மற்ற எல்லோரையும் படுத்தும்.

இப்போது படத்துக்கு வருவோம்.

இயக்குநர் மார்க் லெவின்சன். துகள் இயற்பியலில் டாக்டர் பட்டம் வாங்கிவிட்டு சினிமாவுக்கு ஓடிவந்தவர். படத்தொகுப்பு யார் தெரியுமா? ‘அபோகலிப்ஸ் நவ்’, ‘தி இங்லீஷ் பேஷன்ட்’ படங்களின் வால்டர் மர்ச். தயாரிப்பாளர்களில் ஒருவர், முதல் பாராவில் மேடையில் நின்ற அதே கேப்லன். இந்த மூன்றாவது தகவலை மட்டும் ஓரமாக முடிந்துவைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

சும்மா சொல்லக் கூடாது, முதல் பாதி அட்டகாசம். பாடம் நடத்துகிற குரல் இல்லை. மனிதர்களைக் காட்டுகிறார்கள். மோனிகா டன்ஃபோர்டு என்று ஒரு இளம் அமெரிக்கப் பெண். ஆராய்ச்சிப் படிப்பு முடித்த கையோடு செர்னுக்கு வந்தவர். அட்லஸ் என்கிற, ஐந்தாறு மாடி உயரமுள்ள கருவியின் கேபிள்களுக்கு நடுவே பூனைக்குட்டி மாதிரி நுழைந்து நுழைந்து வருகிறார். நேரம் கிடைத்தால் ஓடுகிறார், படகு வலிக்கிறார். அவர் முகத்தில் இருக்கும் குஷியைப் பார்த்தால் புரோட்டான் என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்கும் தொற்றிக்கொள்ளும். அதே அட்லஸ் குழுவின் தலைவியாக இருந்த ஃபேபியோலா ஜியானோட்டியும் வருகிறார். முறைப்படி பியானோ படித்த இத்தாலியப் பெண்மணி. 2016-ல் செர்னுக்கே தலைவரானார். அந்த நாற்காலியில் உட்கார்ந்த முதல் பெண்.

படத்தின் உயிர் எங்கே இருக்கிறது என்று கேட்டால், நான் விபத்தைத்தான் சொல்வேன்.

2008 செப்டம்பர் 10. உலகப் பத்திரிகைகளையெல்லாம் கூப்பிட்டு உட்காரவைத்து, இயந்திரத்தை முதன்முதலாக ஓட்டிக் காட்டுகிறார்கள். திரையில் ஒரு சின்னப் புள்ளி வருகிறது. கைதட்டல், கட்டிப்பிடித்தல், ஷாம்பெயின். சரியாக ஒன்பதே நாள். செப்டம்பர் 19. இரண்டு காந்தங்களுக்கு நடுவே ஒரு மின் இணைப்பு ஒழுங்காகப் பிடிக்கவில்லை. நம்ம வீட்டு ஃபியூஸ் பெட்டியில் லூஸ் கனெக்‌ஷன் இருந்தால் தீப்பொறி பறக்குமே, அதே சங்கதி. ஆனால், இங்கே ஓடிக்கொண்டிருந்தது எட்டாயிரம் ஆம்பியருக்கும் மேற்பட்ட மின்சாரம். பொறி ஹீலியக் கூட்டைப் பொத்துவிட, சுமார் ஆறு டன் ஹீலியம் சீறிக்கொண்டு சுரங்கத்துக்குள் பாய்ந்தது. அந்த வேகத்தில் முப்பது டன்னுக்கு மேல் எடையுள்ள காந்தங்கள் இடம் பெயர்ந்தன. 53 காந்தங்களை மேலே தூக்கிக் கொண்டுவந்து பழுதுபார்க்க வேண்டியதாயிற்று. மறுபடி ஓட்டிப் பார்க்க 2009 நவம்பர் ஆகிவிட்டது. அப்புறமும் திட்டமிட்ட சக்தியில் பாதியில்தான் ஓட்டினார்கள்.

உலகமே பார்க்க விழா எடுத்துவிட்டு, ஒன்பதாம் நாள் தலை குனிவது லேசான விஷயமா? கேமரா அந்த முகங்களை விட்டு நகரவில்லை. செர்ன் நிர்வாகமும் விபத்தை மூடி மறைக்கவில்லை. என்ன நடந்தது, ஏன் நடந்தது என்று அடுத்த மாதமே அறிக்கை வெளியிட்டது. ஒரு அரசாங்க நிறுவனம் தன்னுடைய சொதப்பலைப் படம் பிடிக்க விட்டதும், அதைத் தயாரிப்பாளரான விஞ்ஞானி வெட்டாமல் வைத்ததும் பெரிய விஷயம். இதற்கே ஒரு சல்யூட் வைக்கலாம்.

சிக்கல் இரண்டாவது பாதியில்.

வெறும் தேடலைக் காட்டினால் ஜனங்கள் எழுந்து போய்விடுவார்கள் என்று பயந்தார்களோ என்னவோ, படத்துக்குள் ஒரு மேட்ச் வைத்துவிட்டார்கள். புரோட்டானின் எடையைக் கிட்டத்தட்ட 1 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஹிக்ஸ் துகளின் எடை 115-ஐ ஒட்டி இருந்தால் ‘சூப்பர் சிம்மெட்ரி’ கட்சிக்கு ஜெயம். அதாவது, நமக்குத் தெரிந்த ஒவ்வொரு துகளுக்கும் கண்ணுக்கு அகப்படாத ஒரு ஜோடி உண்டு, இயற்கை ஒரு அழகான ஒழுங்கில் கட்டப்பட்டது என்று சொல்கிற கட்சி. எடை 140-ஐ ஒட்டி வந்தால் ‘பல பிரபஞ்சங்கள்’ கட்சி. நம் பிரபஞ்சம் கோடானுகோடி பிரபஞ்சங்களில் ஒன்று, இங்கே எண்கள் இப்படி அமைந்தது தற்செயல், காரணம் தேடாதே, போய் வேறு வேலை இருந்தால் பார் என்று சொல்கிற கட்சி. இரண்டாவது கட்சி ஜெயித்துவிட்டால் பல விஞ்ஞானிகளின் வாழ்நாள் வேலைக்கே அர்த்தம் இல்லாமல் போய்விடும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, இல்லையா? கிளைமாக்ஸுக்கு ஸ்கோர் போர்டே தயார்.

ஆளுக்கு ஒரு கதையும் உண்டு. சாவாஸ் டிமோபோலஸ், இஸ்தான்புல்லில் பிறந்த கிரேக்கர். இனப் பதற்றத்தில் குடும்பம் ஏதென்ஸுக்கு இடம்பெயர்ந்தது. சூப்பர் சிம்மெட்ரிக்காக 1981-லேயே முக்கியமான கட்டுரை எழுதிவிட்டு, அது சரியா தப்பா என்று சொல்லப்போகிற இயந்திரத்துக்காக முப்பது வருஷம் காத்திருந்தவர். நிமா அர்கானி-ஹமெட், சிறுவனாகக் குடும்பத்தோடு ஈரானிலிருந்து தப்பிவந்தவர். பேச ஆரம்பித்தால் கைகள் ஓயாது. இந்த இரண்டு பேரையும் பார்த்துக்கொண்டே இருக்கலாம். டிமோபோலஸின் முகத்தில் இருக்கிற பொறுமை, எந்த ஸ்கோர் போர்டும் இல்லாமலேயே நம்மைக் கட்டிப்போடும்.

2012 ஜூலை 4. செர்ன் அரங்கில் இடம் பிடிக்க ராத்திரியே வந்து படுத்துக் கிடந்தவர்கள் உண்டு. உலகமே காத்திருந்த அறிவிப்பை, ஜியானோட்டி ‘காமிக் சான்ஸ்’ என்ற குழந்தைப் புத்தக எழுத்தில் அச்சடித்த ஸ்லைடுகளில் காட்டினார். அதற்காகக் கிண்டல் பண்ணியவர்களும் உண்டு. கண்டுபிடித்தாகிவிட்டது என்றதும் முதிய பீட்டர் ஹிக்ஸ் கைக்குட்டையை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொள்கிறார். 48 வருஷத்துக்கு முன்னால் போட்ட கணக்கு. நமக்கும் தொண்டை அடைக்கிறது.

சரி, மேட்ச் என்ன ஆச்சு? எடை 125. இந்தப் பக்கமும் இல்லை, அந்தப் பக்கமும் இல்லை. டிரா!

படம் இதை ஒரு மர்மப் புன்னகையோடு முடித்துக்கொள்கிறது. அடுத்த பாகத்தில் பதில் கிடைக்கும் என்கிற மாதிரி. எல்.எச்.சி. 2015-ல் 13, 2022-ல் 13.6 என்று சக்தியைக் கூட்டிக்கொண்டே போனது. சூப்பர் சிம்மெட்ரியின் ஜோடித் துகள் ஒன்றுகூட இதுவரை சிக்கவில்லை. பல பிரபஞ்சங்களுக்கும் சாட்சி கிடையாது. இரண்டில் ஒன்று என்று படம் கட்டிய பந்தயமே செயற்கை என்று இப்போது தெரிகிறது. கோட்பாடு அழகாக இருக்கிறது என்பதற்காக இயற்கையும் அப்படியே இருக்க வேண்டுமா என்று சபீன் ஹோசன்ஃபெல்டர் என்ற ஜெர்மானிய இயற்பியலாளர் 2018-ல் ஒரு புத்தகமே எழுதினார். துறைக்குள் அவருக்கு விழுந்த திட்டு கொஞ்சநஞ்சம் இல்லை. ஆனால், இப்படியொரு சந்தேகக் குரல் படத்தில் ஒப்புக்குக்கூட இல்லை. படத்தில் பேசுகிற கோட்பாட்டாளர்கள் எல்லாம் ஒரே வட்டம். கேப்லனின் நண்பர்கள், சகாக்கள். முடிந்துவைக்கச் சொன்னேனே, அந்தத் தகவலை இங்கே அவிழ்த்துப் பாருங்கள். ஆட்டக்காரரே தயாரிப்பாளரும் ஆகிவிட்டால், ஆட்டத்தின் விதியே தப்பு என்று யார் சொல்வது?

இன்னொரு குறையும் உண்டு. கணக்குப் போட்டவர்களுக்குக் கிடைத்த குளோஸப், கட்டியவர்களுக்குக் கிடைக்கவில்லை. ஓர் உதாரணம். சுரங்கத்தில் இருக்கும் அந்தப் பிரம்மாண்டக் காந்தங்கள் எதன் மேல் உட்கார்ந்திருக்கின்றன? ஜாக்கிகளின் மேல்! கார் டயர் பஞ்சரானால் முட்டுக் கொடுப்போமே, அந்த ஜாதிதான். முப்பது டன்னுக்கு மேற்பட்ட எடையைத் தாங்கிக்கொண்டு, தலைமுடி கனத்தைவிட நுணுக்கமாக நகர்த்தி நிறுத்த வேண்டும். ஆயிரக்கணக்கில் தேவைப்பட்ட அந்த ஜாக்கிகளை வடிவமைத்தது இந்தூரில் இருக்கும் ராஜா ராமண்ணா மையம். செய்து அனுப்பியது இந்தியத் தொழிற்சாலைகள். காந்தம் ஒன்றுக்கு மூன்று ஜாக்கி. படத்தில் பேச்சே இல்லை. இந்தியப் பெருமைக்காகச் சொல்லவில்லை. செர்னின் உண்மையான சாதனை எங்கே இருக்கிறது என்று கேட்டால் நான் இதைத்தான் காட்டுவேன். ஒன்றோடு ஒன்று ஒத்துப்போகாத நாடுகள் ஆளுக்கொரு பாகம் செய்து அனுப்ப, அவை மைக்ரான் பிசகாமல் பொருந்தின. எப்படிப் பொருந்தின என்று காட்ட மர்ச் கையில் ஐந்து நிமிஷம் கொடுத்திருந்தால் அந்த 115, 140 பந்தயமே தேவைப்பட்டிருக்காது.

போகட்டும். நான் முதலில் சொன்ன அந்த ‘தெரியாது’க்குத் திரும்புவோம். கேப்லன் அதோடு நிறுத்தவில்லை. ரேடியோ அலைகளைக் கண்டுபிடித்தபோது உலகத்தில் ரேடியோ கிடையாது, எதற்குப் பயன்படும் என்று யாருக்கும் தெரியாது என்று ஓர் உதாரணம் கொடுக்கிறார். இந்த உதாரணம் எனக்குப் பிடிக்கவில்லை. ஜெயித்த குதிரையை மட்டும் காட்டுகிற கணக்கு அது. எதற்கும் பயன்படாமலே போன ஆராய்ச்சிகள் எத்தனை என்று யாராவது பேரேடு வைத்திருக்கிறார்களா? ஆனால், அப்புறம் அவர் சொல்வதுதான் விசேஷம். இதனால் ஒன்றுமே கிடைக்காமலும் போகலாம், எல்லாவற்றையும் புரிந்துகொண்டோம் என்பதைத் தவிர என்கிற அர்த்தத்தில் முடிக்கிறார். கையில் வைத்திருந்த ரேடியோவைக் கீழே வைத்துவிட்டார் மனிதர். பணம் கொடுக்கிறவர் முன்னால் இப்படிச் சொல்ல தைரியம் வேண்டும்.

அமெரிக்கர்களுக்கு அந்த தைரியத்தின் விலை தெரியும். டெக்ஸாஸில் இதைவிடப் பெரிதாக, 87 கிலோமீட்டருக்கு ஒரு இயந்திரம் கட்ட ஆரம்பித்தார்கள். மதிப்பீடு எகிறிக்கொண்டே போனது. 1993-ல் அவர்கள் நாடாளுமன்றம் இழுத்து மூடிவிட்டது. அதற்குள் சுமார் 200 கோடி டாலர் செலவாகியிருந்தது. சுரங்கத்தில் 20 கிலோமீட்டருக்கு மேல் தோண்டியும் ஆகியிருந்தது. செர்ன் இதை மறக்கவே இல்லை. பயந்துவிட்டது என்றும் சொல்லலாம். அன்றிலிருந்து ‘என்ன லாபம்’ என்ற கேள்விக்குப் பதில் தயாரித்து வைத்திருக்கிறது.

அந்தப் பதிலில் முதல் ஐட்டம், உங்கள் செல்போனில் தினமும் நீங்கள் மேய்கிற வலைத்தளங்கள். வேர்ல்டு வைட் வெப் பிறந்த இடம் செர்ன்தான். 1989-ல் டிம் பெர்னர்ஸ் லீ என்ற ஊழியர் எழுதிக்கொடுத்த யோசனை. மேலதிகாரி அதன் மேல், தெளிவில்லை, ஆனால் சுவாரஸ்யம் என்கிற மாதிரி ஒரு குறிப்பு எழுதி அனுப்பினார். 1993 ஏப்ரல் 30 அன்று, யார் வேண்டுமானாலும் காசு கொடுக்காமல் பயன்படுத்திக்கொள்ளலாம் என்று செர்ன் எழுதிக் கொடுத்துவிட்டது. பி.காம்காரன் கண்ணுக்கு இது ஒரு வேடிக்கை. உலகத்தின் மிகப் பெரிய வியாபாரங்களைப் பெற்றுப்போட்ட சரக்கு, செர்னின் வரவு செலவுப் புத்தகத்தில் வரவாக நிற்கும் தொகை பூஜ்யம்! தவிர, எந்தத் துகள் மோதலும் இதைக் கண்டுபிடிக்கவில்லை. ஆயிரக்கணக்கான பேர் காகிதங்களைப் பகிர்ந்துகொள்ளத் திண்டாடியதில் பிறந்தது. இதைக் காட்டி அடுத்த சுரங்கத்துக்குக் காசு கேட்பது, கல்யாணத்தில் செருப்பு தொலைந்த இடத்தில் தங்கக்காசு கிடைத்தது, அதனால் இன்னொரு கல்யாணம் செய்வோம் என்பது மாதிரி.

முறையாகவே கணக்குப் போட்டவர்களும் உண்டு. மிலான் பல்கலைக்கழகப் பொருளாதார நிபுணர் மாசிமோ ஃப்ளோரியோவும் சகாக்களும் எல்.எச்.சி.க்கு லாப நட்ட ஆய்வு ஒன்று செய்து, 2016-ல் வெளியிட்டார்கள். செலவைவிட நன்மை அதிகமாக இருக்க 90 சதவிகிதம் வாய்ப்பு, நிகர மதிப்பு சுமார் 290 கோடி யூரோ என்பது அவர்கள் முடிவு. படித்தவுடன் எனக்கே கைதட்டத் தோன்றியது. அப்புறம் உள்ளே எட்டிப் பார்த்தால், வரவில் பெரிய பங்கு இரண்டு இடத்திலிருந்து வருகிறது. அங்கே பயிற்சி பெற்ற மாணவர்களுக்குப் பிற்காலத்தில் கிடைக்கும் கூடுதல் சம்பளம் ஒன்று. கருவி செய்து கொடுத்த கம்பெனிகள் கற்றுக்கொண்ட தொழில்நுட்பம் இன்னொன்று. ஹிக்ஸைக் கண்டுபிடித்ததால் நாளைக்கு என்ன பிரயோஜனம் வரும் என்பது கணக்கிலேயே இல்லை. அதை யாராலும் கணிக்க முடியாது என்று அவர்களே நேர்மையாகச் சொல்லிவிடுகிறார்கள். பந்தல்காரருக்கு இவ்வளவு வரும்படி, சமையல்காரருக்கு இவ்வளவு, ஆகவே கல்யாணம் லாபம் என்று எழுதிவிட்டு, மாப்பிள்ளை பெண்ணை மட்டும் கணக்கில் சேர்க்காமல் விட்ட மாதிரி!

தப்பு அவர்கள் பேரில் இல்லை. கேட்ட கேள்விக்கு அந்த முறையில் அப்படித்தான் பதில் எழுத முடியும்.

இப்போது புது இயந்திரம். 2025 மார்ச்சில் சாத்தியக்கூறு அறிக்கை வந்தது. சுற்றளவு சுமார் 91 கிலோமீட்டர், சராசரி ஆழம் 200 மீட்டர். முதல் கட்டத்துக்கு மட்டும் 1,500 கோடி ஸ்விஸ் பிராங்க். ஒன்றரை லட்சம் கோடி ரூபாய்க்கு மேல். இந்த மாதிரி தொகையைக் கேட்டதும் உங்களுக்கு வேறு ஏதாவது ஞாபகம் வந்தால் நான் பொறுப்பல்ல. செர்னுக்கு அதிகமாகப் பணம் கொடுக்கிற ஜெர்மனியே 2024-ல் செலவைப் பார்த்து முகம் சுளித்தது.

எல்.எச்.சி. கட்டும்போது ஒரு வசதி இருந்தது. ஹிக்ஸ் அகப்பட வேண்டும், இல்லாவிட்டால் அந்த இடத்தில் வேறு ஏதாவது அகப்பட்டே தீர வேண்டும் என்று கணிதம் உத்தரவாதம் கொடுத்தது. வெறுங்கையோடு திரும்ப வாய்ப்பே கிடையாது. புது இயந்திரத்துக்கு அப்படி ஓர் உத்தரவாதம் இல்லை. ஹிக்ஸ் துகளை இன்னும் துல்லியமாக அளப்பார்கள், அது நிச்சயம். அதைத் தாண்டிப் புதுசாக ஏதாவது வருமா? தெரியாது. அன்றைக்கு கேப்லன் சொன்ன ‘தெரியாது’வைவிட இது நிஜமான, விலை அதிகமான ‘தெரியாது’.

அதனால்தான் இந்த நேரத்தில் அந்தச் சொல்லை இன்னும் உரக்கச் சொல்ல வேண்டும் என்கிறேன். விளக்கக் கூட்டங்களில் நமக்குக் கிடைப்பதோ வெப், மருத்துவக் கருவி, திறமையான இளைஞர்கள், கம்பெனிகளுக்குத் தொழில்நுட்பம். எல்லாம் நிஜம்தான். ஆனால், இவை வேண்டுமென்றால் சுரங்கம் தோண்டாமலே, நேரடியாக மருத்துவத்துக்கும் கல்லூரிக்கும் அந்தப் பணத்தைக் கொடுக்கலாமே என்று நாளைக்கே ஒரு நிதி மந்திரி கேட்பார். அவருக்கு என்ன பதில்? உபரி லாபத்தைக் காட்டிக் கடை விரித்தவர்கள், இதைவிட மலிவாக உபரி கொடுக்கிற கடை எதிரே வந்தால் ஷட்டரை இறக்க வேண்டியதுதான். புரிந்துகொள்வதற்காகத்தான் கேட்கிறோம், கிடைக்காமலும் போகலாம், கொடுப்பீர்களா என்று கேட்டால் மறுப்பதற்கும் வாய்ப்பு இருக்கிறது. ஆனால், அது ஏமாற்று இல்லாத பேரம். என்னைக் கேட்டால், அந்த பேரத்துக்கு என் பங்குக் காபியைத் தாராளமாகக் கொடுப்பேன். வெப்பைக் காட்டிக் கேட்டால் யோசிப்பேன்.

‘பார்ட்டிகிள் ஃபீவர்’ குறைகள் உள்ள படம். பந்தயம் செயற்கை, வட்டம் சின்னது, ஜாக்கி இல்லை. இருந்தும் பார்க்கச் சொல்கிறேன். 2008 விபத்துக்காக, டன்ஃபோர்டின் குஷிக்காக, ஹிக்ஸின் கைக்குட்டைக்காக. எல்லாவற்றுக்கும் மேலே அந்த ஒரு நிமிஷக் கேள்வி பதிலுக்காக. இன்றைய விளக்கக் கூட்டங்கள் எதிலும் அந்த நிமிஷத்தைப் போட்டுக் காட்டுவார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை.

திட்டப்படி எல்லாம் நடந்தால் புது இயந்திரத்தின் முதல் கட்டம் 2040-களின் கடைசியில் ஓட ஆரம்பிக்கும். அதே சுரங்கத்தில் வைக்கப்போகிற இரண்டாவது, இன்னும் சக்தி வாய்ந்த இயந்திரம் 2070-களில். 1981-ல் கட்டுரை எழுதிவிட்டு முப்பது வருஷம் காத்திருந்த டிமோபோலஸைப் பார்த்துப் பரிதாபப்பட்டோமே... அந்த இரண்டாவது இயந்திரத்தை ஓட்டப்போகிறவர்களில் பலர் இன்னும் பிறக்கவே இல்லை.